பக்கத்து சீட்

தொண்ணூற்றெட்டில், நியூஜெர்சியில், எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. பழைய மஸ்டாங் கார் ஒன்றை வாங்கி, கால் மைல் ரேஸுக்காகவே மாற்றிக்கொண்டிருந்தேன். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று ஹீட்டர், பின் சீட், கடைசியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டையும் கழற்றிவிட்டேன். ஒரு சனிக்கிழமை காலை, இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதற்காக எங்கள் வீட்டுக் காரின் பேட்டரியை எடுத்து அதில் மாட்டியிருந்தேன்.

எட்டு மாத கர்ப்பிணியான என் மனைவி கராஜ் வாசலில் வந்து நின்றாள். நைட்டி நனைந்திருந்தது.

"என்னங்க, பனிக்குடம் உடைஞ்சிருச்சு. வண்டிய எடுங்க."

எந்த வண்டியை எடுப்பது? பேட்டரியைத் திரும்ப மாட்டப் போனேன். அவசரத்தில் ஸ்பேனர் நழுவிக்கொண்டே இருந்தது. வலி தாங்காமல் அவளே மஸ்டாங்கின் கதவைத் திறந்தாள். உள்ளே வெறும் தகரம்.

"இதுல எனக்கு இடமே வைக்கலையா?"

அவள் சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. நான்தான் கத்தி அழுதேன்.

அதைக் கேட்டு ஓடிவந்தவர், என் இன்ஜின் சத்தத்துக்காக இரண்டு முறை போலீஸைக் கூப்பிட்ட எதிர்வீட்டுக்காரர். அவளைக் கைத்தாங்கலாகத் தன் காரில் ஏற்றி ஹாஸ்பிடலுக்கு ஓட்டினார்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். நான் ரேஸுக்குப் போகவே இல்லை. அந்த வாரமே சீட்டைத் திரும்ப மாட்டிவிட்டேன். கோபமெல்லாம் இல்லை என்றுதான் மனைவி சொல்கிறாள். ஆனால் இன்றுவரை அதில் அவள் உட்கார்ந்ததில்லை.