நிறுத்தி வைத்த படம்

கோல் விழுந்ததும் பேக்கரியே எழுந்து நின்று கத்துகிறது. சென்னிமலை மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சங்ககிரி பைபாஸில் போகும் லாரிகளைப் பார்க்க ஆரம்பிக்கிறார். அடித்தது அவருடைய அணிதான். ஆனால் நடுவர் காதில் கையை வைத்துவிட்டார். எங்கோ ஓர் அறையில் வீடியோ நடுவர்கள் சிலர் உட்கார்ந்து வீடியோவை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முடிவு சொல்லும்வரை இவர் திரும்பமாட்டார். டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

"கத்தி முடிச்சப்புறம் கோலு இல்லீன்னா, கத்துனத எங்கீங்க கொண்டு போயி வெக்கறது?" என்று கேட்பார்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். சொந்தமாக ஒரு பத்துச் சக்கர லாரி. தானே முதலாளி, தானே டிரைவர். கால்பந்துப் பித்து கோழிக்கோட்டில் பிடித்தது. சிமெண்டை இறக்கிவிட்டு ரிட்டன் லோடுக்காகக் காத்துக் கிடந்த நாட்களில், மூங்கில் கட்டிய கேலரியில் ஏறி, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டம் பார்த்துப் பழகியவர். அங்கே நடுவர் விசில் ஊதினால் ஊதியதுதான். ஊரே சேர்ந்து அவரைத் திட்டும், ஆட்டம் முடிந்ததும் அவருக்கே டீ வாங்கிக் கொடுக்கும். அந்த நியாயம் சென்னிமலைக்குப் பிடித்திருந்தது. இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் இங்கிலாந்து அணி ஒன்றுக்காக ரத்தத்தைக் கொதிக்கவைத்துக்கொள்கிறார். பெயரைச் சொன்னால் எதிரணிக்காரர்கள் பத்திரிகைக்குக் கடிதம் போடுவார்கள். சிவப்புச் சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய கோபத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. சூடு ஏற ஏற மரியாதையும் ஏறும். நல்ல மனநிலையில் "ஏப்பா" என்பவர், முறைக்கும்போது "ஏனுங்க" என்பார். "ஏனுங்க சாமி" என்று ஆரம்பித்துவிட்டால் அடுத்த மேசைக்காரர்கள் தங்கள் தம்ளர்களைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது. மேசையில் அவர் கை இறங்கும் வேகம் அப்படி.

அந்த மரியாதையில் பெரும்பங்கை வாங்கிக் கட்டிக்கொள்பவர் தனசேகர். பக்கத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். நீலச் சட்டை அணி. வீடியோ நடுவர் வருவதற்கு முன்னால், கோட்டைத் தாண்டாத பந்துக்குக் கோல் கொடுத்து அவருடைய அணியை ஓர் இறுதிப் போட்டியில் தோற்கடித்தார்கள். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. போதாததற்கு, கடையில் பேட்டரி திருடியவனைக் கேமராதான் பிடித்துக் கொடுத்தது. அவனோ தினமும் இவரோடு உட்கார்ந்து டீ குடித்தவன். "மனுசன் ஏமாறுவான். கேமரா ஏமாறாது" என்பது தனசேகரின் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

சென்னிமலை அதை ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. கால் கட்டைவிரல் முன்னால் இருந்தது என்று கோடு போட்டு ஒரு கோலை அழித்த அன்று, நகம் வளர்ந்ததுக்கெல்லாம் ஆஃப்சைடா, நாளைக்கு மீசைக்கும் கோடு போடுவார்களா என்று குதித்தார். பந்துக்காக நீட்டிய காலை வீடியோவில் மெதுவாக ஓட்டிக் காட்டிச் சிவப்பு அட்டை கொடுத்த அன்று, பேக்கரி டிவியையே அணைத்துவிட்டார். ஓடுகிற வேகத்தை எடுத்துவிட்டு ஓடினவனுக்கு எப்படித் தீர்ப்புச் சொல்லலாம் என்பதுதான் அவருடைய வழக்கு. லாரி ஓட்டுகிறவருக்கு அது விளையாட்டுச் சண்டையாக மட்டும் இருக்க முடியாதுதானே.

போன மாதம் அந்த வழக்கு அவருடைய தலையிலேயே வந்து விழுந்தது. போனுக்கு ஓர் ஆன்லைன் கேஸ் வந்தது. கூடவே ஒரு படம். வெளியூர் சிக்னலில் சிவப்பு விளக்கு எரிகிறது; சென்னிமலையின் லாரி முன்சக்கரங்கள் கோட்டைத் தாண்டி நிற்கின்றன. லைசென்ஸை மூன்று மாதம் முடக்கப் போகிறோம், நேரில் வந்து விளக்கம் சொல் என்று பின்னாலேயே நோட்டீஸும் வந்தது. நடந்தது வேறு. பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு நின்றது. வழி விடுவதற்காக அவர் வண்டியை முன்னால் நகர்த்தி ஒதுக்கினார். கேமரா முன்பக்கமிருந்து பார்த்தது. பத்துச் சக்கர லாரியின் முதுகுக்குப் பின்னால் நின்ற ஆம்புலன்ஸ் படத்தில் எப்படி விழும்?

இருபத்தெட்டு வருடமாக லாரி ஓட்டி ஒரு நாய்க்குட்டியைக்கூட அடிக்காத கை அது. தன் வண்டியில் வேறொருவனை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, தான் கிளீனர் பக்கம் உட்கார்ந்து போவதை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை. படத்தைப் பேக்கரியில் காட்டினார். தனசேகர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கோட்டத் தாண்டித்தானப்பா நிக்குது."

சென்னிமலை போனை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். "ரொம்ப நல்லதுங்க சாமி" என்றார். மேசையில் கை இறங்கவில்லை. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவருடைய நாற்காலி காலியாகவே கிடந்தது. கத்தாத கோபம் எவ்வளவு கனமானது என்று பேக்கரிக்காரர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

விசாரணை நாளன்று காலையில் தனசேகர் கடையைத் திறக்கவில்லை. பைக்கைக் கொண்டுவந்து சென்னிமலை வீட்டு வாசலில் நிறுத்தி, "ஏறு, நானும் வாரேன்" என்றார். சென்னிமலை நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதிகாரி சின்ன வயசுக்காரர், பண்பாகத்தான் பேசினார். கம்ப்யூட்டரைத் திருப்பிப் படத்தைக் காட்டினார். தெளிவாக இருக்கிறதே, இதில் விளக்கம் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"தெளிவாத்தானுங்க சாமி இருக்குது. நிறுத்தி வெச்ச படத்துல எல்லாருமே குத்தவாளிதானுங்க. அந்தக் கேமராவுல ஓடுற படமும் இருக்குமுல்லீங்க? அதப் போடுங்க. ஒரு நிமிசம் முன்னாலருந்து ஓட்டிப் பாருங்க. ஆம்புலன்சு என்னைத் தாண்டிப் போறது தெரியும்."

தங்களுக்குப் படம் மட்டும்தான் வரும் என்றார் அதிகாரி. வீடியோ கேட்பதென்றால் அந்த ஊருக்கு எழுத வேண்டும். அப்படி யாரும் கேட்டதில்லை. சொல்லிக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட மணியின் பக்கம் கையை நீட்டினார்.

கால்பந்து நடுவர், வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொல்கிறேன் என்பதற்கு இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் காற்றில் ஒரு சதுரம் போடுவார். சென்னிமலை ஆயுசுக்கும் வெறுத்த சைகை அது. அதைப் போட்ட நடுவர்களின் ஏழு தலைமுறையையும் அவர் மரியாதையோடு விசாரித்திருக்கிறார். இப்போது அவருடைய இரண்டு கைகளும் மேசைக்கு மேலே எழுந்தன. ஆள்காட்டி விரல்கள் அதிகாரியின் முகத்துக்கு நேராக அந்தச் சதுரத்தைப் போட்டன.

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த அறையில் அது விளங்கிய ஒரே ஆள் தனசேகர்தான். அவர் சிரிக்கவில்லை. அதிகாரி நீட்டிய கை மணியின் மேல் அப்படியே நிற்க, சென்னிமலை இன்னொரு முறை போட்டார், இந்தத் தடவை இன்னும் பெரிதாக.