கெர்லிங் வளைவும் வெர்சைனும்

தண்டவாள வேலையில் ரயில் குலுங்கினால்தான் நம் பெயர் அடிபடும். குலுங்காமல் போனால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். லைனில் வெந்த அண்ணன்மார்களே, உங்களுக்குத் தெரியாததா? எண்பதுகளில் மலேசியாவில் கெர்லிங் பக்கம் நானும் வெந்தேன்.

வீட்டிலிருந்து வந்த புகார்

என் மனைவி சரசுவுக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு கரு தங்கவில்லை. உடம்பு அதிரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாதா மாதம் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு ரயிலில்தான் போவாள். வழியில் ஒரு வளைவு ஆளையே தூக்கிப் போடும். அது என் பொறுப்பில் இருந்த வளைவு. ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவள் கேட்டாள்: "ஊருக்கெல்லாம் லைன் பார்க்குறீங்க, நான் போற லைன யாரு பார்க்குறது?"

மறுநாளே கயிற்றை எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்குப் போனேன்.

காயப்போட்ட சட்டை

வளைவைச் சோதிக்க ஒரு கயிறு போதும். தண்டவாளத்தில் இரண்டு இடத்தில் பிடித்து விறைப்பாக இழுத்தால், நடுவில் கயிற்றுக்கும் தண்டவாளத்துக்கும் இடைவெளி விழும். அதுதான் வெர்சைன். அது வளைவு நெடுக ஒரே அளவாக இருந்தால் வண்டி குலுங்காமல் வழுக்கிக்கொண்டு போகும்.

ஓரிடத்தில் மட்டும் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. குழம்பிப்போய்க் கயிற்றோரமாக நடந்து பார்த்தால், மறுகோடியில் எங்கள் கூலி ஆட்களின் தலைவர், மண்டோர் மாரிமுத்து நனைந்த சட்டையைக் கயிற்றில் காயப்போட்டிருக்கிறார். காற்று அதைத் தள்ளுகிறது. கேட்டதற்கு அவர் சொன்னார்: "சும்மாதானே இழுத்துக் கட்டியிருக்கு தம்பி, சட்டையும் காயட்டும் லா."

கழித்து வைத்த புண்ணியவான்

இருக்கவேண்டிய இடைவெளி எவ்வளவு? கயிற்றின் இரு முனைகளும் வளைவின் மையத்தில் உண்டாக்கும் கோணத்தில் பாதியை எடுத்து, ஒன்றிலிருந்து அதன் கோசைனைக் கழித்து, வளைவின் ஆரத்தால் பெருக்க வேண்டும். கால்குலேட்டர் மழையில் நனைந்து படுத்துவிட்டது. சின்னக் கோணத்துக்குக் கோசைன் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான்கு இலக்க அட்டவணையைப் பார்த்துக் கழித்தால் மிஞ்சுவதை நம்ப முடியாது. விரல் அகலம் பிசகும். பழைய அட்டவணைகளில் அந்தக் கழித்தலையே நுணுக்கமாகச் செய்து, வெர்சைன் என்று தனியாக அச்சடித்திருப்பார்கள். பள்ளிக்கூடப் புத்தகங்கள் அதை எப்போதோ கைவிட்டுவிட்டன. எங்கள் சூப்பர்வைசர் ராஜுவிடம் அப்படி ஒரு பழைய அட்டவணை இருந்தது. விடை வந்ததும் அவர் சொன்னார்: "எவனோ ஒரு புண்ணியவான் நமக்காக உட்கார்ந்து கழிச்சு வச்சிருக்கான்யா."

முகம் தெரியாத அந்த ஆளை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

எந்த வளைவு?

வண்டி இல்லாத நேரம் பார்த்து, மாரிமுத்துவின் ஆட்கள் கடப்பாரை போட்டு, அந்த அளவு வரும்வரை தண்டவாளத்தை நகர்த்திக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் சரசுவோடு நானும் ஏறினேன். வளைவு வந்ததும் நான் இருக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தாண்டியதும், "வளைவு எப்படி?" என்றேன். ஒரு சுளையை என் வாயில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "எந்த வளைவு?"

மகள் நல்லபடியாகப் பிறந்தாள், வளர்ந்து சைன், கோசைன் எல்லாம் படித்துப் பாஸும் செய்தாள். அவளை அதிராமல் கொண்டுவந்து சேர்த்த வெர்சைன் மட்டும் அவள் பாடத்தில் இல்லை.