சத்தம் போடாத கதவும் சத்தம் போட்ட படமும்

நான் படித்தது நான்காம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சைக்குப் போகவில்லை. ஆனால் காரைக்குடியைச் சுற்றி எந்தப் பெரிய வீட்டுக் கதவையாவது தள்ளிப் பாருங்கள். சத்தமில்லாமல் திறந்தால் அது என் கை பட்ட கதவு. சொந்தப் பட்டறை, மரம் அறுக்கும் மெஷின், எனக்குக் கீழே பதினாறு ஆசாரிகள். இதில் எதையும் எனக்கு யாரும் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை.

நான் முழுதாகப் படித்த நாவல் ஒன்றே ஒன்று. பேய் நாவல். வாரப் பத்திரிகையில் தொடராக வந்ததை யாரோ பைண்டு செய்து பரண் மேல் போட்டிருந்தார்கள். எழுத்துக் கூட்டி மூன்று தடவை படித்தேன். அதில் எனக்குப் பிடித்தது பேய் இல்லை, கதவு. ஒரு பெண் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருப்பாள். கதவு திறக்கும். சத்தமே இருக்காது. அவளுக்கு முன்னால் தரையில் வெளிச்சம் மட்டும் மெல்ல அகலமாகும். அவ்வளவுதான், அத்தியாயம் முடிந்துவிடும். அன்றைக்கு நான் சுவரில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டுதான் சோறு தின்றேன். பட்டப்பகல் வேறு.

முதலில் அதை டிவி சீரியலாக எடுத்தார்கள். புத்தகத்தில் ஒரு தடவைகூட முகம் காட்டாத பேய், சீரியலில் வாரம் ஐந்து நாளும் பவுடர் பூசிக்கொண்டு வந்து மாமியாரோடு சண்டை போட்டது. நான் டிவியை அணைத்துவிட்டேன்.

அப்புறம் அதே கதையைச் சினிமாவாக எடுக்கப் பள்ளத்தூருக்கு வந்தார்கள். அவர்கள் வாடகைக்குப் பிடித்த வீட்டில் கதவெல்லாம் நான் புதுப்பித்தது. அந்தக் காலத்துக் கதவுகளுக்குக் கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் குடுமி நீட்டியிருக்கும், அது நிலைச்சட்டத்தில் உள்ள குழியில் உட்கார்ந்து திரும்பும். குழியில் விளக்கெண்ணெய் விட்டால் பூனை நடக்கிற மாதிரித் திறக்கும். எண்ணெய்ப் புட்டி எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும்.

டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். "ஐயா, இந்தக் கதவு கிரீச்சுனு சத்தம் போடணும்."

"என் கதவு போடாது தம்பி."

"சத்தம் இல்லாம ஜனங்க எப்படிப் பயப்படுவாங்க?"

"புத்தகத்தைப் படிச்சீகளா?"

"ஸ்கிரிப்ட் படிச்சேன்."

"அதான பாத்தேன். சத்தம் வராததுதான் அங்க பயமே. நீங்க கதவுக்கு வாயி வச்சுப் பேச விடுறீக."

உதவி டைரக்டர் ஒருவர் குழிக்குள் மணலைப் போட்டார். அவர்கள் சாப்பிடப் போன நேரம் நான் மணலைத் துடைத்து எண்ணெய் விட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போனது. சாயங்காலம் வரைக்கும் கதவு வாயைத் திறக்கவில்லை. கடைசியில் டைரக்டர், "விடுங்க, சத்தத்தை சென்னையில சேர்த்துக்கலாம்" என்றார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

படம் வந்தது. மனைவியோடு போனேன். அந்தப் பெண் பூக் கட்டுகிறாள், என் கதவு திறக்கிறது, கிரீச்ச்ச்! நூறு பன்றியை ஒரே கோணியில் கட்டிய மாதிரி. தியேட்டரே அலறியது. நான் எழுந்து நின்றேன்.

"அது என் கதவுச் சத்தம் இல்ல! மெட்ராஸ்ல சேத்தது!"

மனைவி வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க, மானம் போகுது. பேயைவிட உங்களைத்தான் எல்லாரும் பாக்குறாக."

மறுநாளே கண்டரமாணிக்கத்து ஆச்சி போனில் வந்தார். அவர் வீட்டில் மொத்தம் நாற்பத்திரண்டு கதவு. அத்தனை வேலையும் எனக்கென்று வாய்வார்த்தையாகப் பேசி முடித்திருந்தது.

"ஆசாரியாரே, படத்துல வந்தது நீங்க பாத்த கதவுதானே? அந்தக் கத்து கத்துதே. நான் வேற ஆளைப் பாக்கலாம்னு இருக்கேன்."

நாற்பத்திரண்டு கதவு போகட்டும். ஆச்சி வேண்டாமென்ற ஆளை அப்புறம் இந்தப் பக்கத்தில் யார் கூப்பிடுவார்கள்?

"ஒரே ஒரு தடவ பள்ளத்தூருக்கு வாங்க ஆச்சி. காதால கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

வந்தார். கதவுக்கு முதுகு காட்டி நாற்காலியில் உட்காரவைத்தேன். கையில் பேப்பரைக் கொடுத்தேன். "நான் எப்பத் திறக்கிறேன்னு சொல்லுங்க" என்று வெளியே போய், கொஞ்ச நேரம் விட்டுத் திறந்தேன். ஆச்சி திரும்பவில்லை. உள்ளே நடந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அப்போதும் பேப்பரைத்தான் படித்துக்கொண்டிருந்தார். வளவு முற்றத்து வெயில் தரையில் நீளமாக விழுந்து, அதில் என் நிழலும் விழுந்ததைப் பார்த்தார் பாருங்கள்!

போட்ட கூச்சலில் பேப்பர் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம்.

"பாவி மனுசா! ரெண்டரை மணி நேரம் படம் பாத்தேன், இப்படித் தூக்கிப் போடலையே!"

"புத்தகத்துல இப்படித்தான் ஆச்சி."

தண்ணீர் குடித்து மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "எல்லாக் கதவும் நீங்களே செய்யுங்க. ஆனா என் அறைக் கதவு மட்டும் சத்தம் போடணும். படத்துல போட்ட மாதிரி. இனிமே எவனும் என் பின்னால இப்படி வந்து நிக்கக் கூடாது."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். சத்தம் வராமல் செய்ய என்னை விட்டால் ஆள் கிடையாது. வரவழைக்க எனக்குத் தெரியாது. எண்ணெயை எடுத்தேன், குழியை இறுக்கினேன், மணலும் போட்டேன். ம்ஹூம். வெட்கத்தை விட்டு அதே படத்துக்கு மூன்று தடவை போய், கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கிரீச்சை மட்டும் கேட்டேன். கடைசியில் குங்கிலியப் பிசினைப் பொடித்துக் குடுமியில் தேய்த்துப் பார்த்தேன். கதவு அழுதது. சென்னைக்காரன் சத்தமெல்லாம் அதன் கால்தூசு பெறாது.

ஆச்சி மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்தார். "போதும். இனி பேயே வந்தாலும் சொல்லிட்டுத்தான் வரணும்" என்றார்.

இப்போதும் அந்த வீட்டுக்குப் போவேன். அந்தக் கதவு கத்தும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும். ஆச்சி உள்ளேயிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வார்:

"ஆசாரியாரே, சட்டைப் பையில இருந்து கைய எடுங்க."