அப்பாவின் ஏழு கையெழுத்துகள்

அந்த அட்டையில் ஏழு கட்டங்களில் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. எட்டாவது கட்டத்தில் இரத்தம். இத்தனை ஆண்டுகளில் அது தேநீர்க் கறை போல மங்கிவிட்டது. அம்மாவின் இரத்தம் அது. பல்கலைக்கழக விடுதி அறையில், இலக்கியப் பாடநூல்களுக்கு நடுவே அந்த அட்டையை வைத்திருக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. லாபு என்ற ஊர்ப் பக்கத்தில், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பா குலை வெட்டினார். நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளோடு பகலெல்லாம் அண்ணாந்து நிற்பவர், வீடு திரும்பியதும் எதிரில் நிற்பவரை அடித்தார். குழம்பில் உப்புக் கூடினால் தட்டு சுவரில் மோதும். குறைந்தால் அம்மாவின் தலை மோதும். ஒருநாள் விழுந்த அறையில் அம்மாவின் இடது காது கேட்காமல் போனது. அதன்பின், கூப்பிட்டது காதில் விழவில்லை என்பதற்காகவும் அடி விழுந்தது. அன்றைய மாலை எப்படிக் கழியும் என்பதை, அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தும் ஓசையிலிருந்தே கணிக்க நான் கற்றிருந்தேன்.

அந்த ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் பட்டணத்து நூலகம் குடும்பங்களுக்கு ஒரு வாசிப்புப் போட்டி வைத்தது. அட்டையில் அப்பா, அம்மா, பிள்ளை என மூன்று வரிசைகள். படித்த நூலின் பெயரை எழுதி, எதிரே கையொப்பமிட வேண்டும். ஒரு வரிசையில் ஏழு நூல்களாவது நிறைய வேண்டும். மூன்று வரிசையும் நிறைந்த குடும்பத்துக்கு மேடையில் பரிசு. நாலு பேர் கைதட்டினால் அன்று ஒரு நாளாவது அப்பா அம்மாவை அடிக்கமாட்டார் என்று நினைத்தேன். அந்த ஒரு நாளுக்காகத்தான் அத்தனையும் செய்தேன்.

என் வரிசையும் அம்மாவின் வரிசையும் உண்மையானவை. அம்மா தன் வரிசையை நிரப்பிக் கொடுத்த பிறகு, அப்பாவின் வரிசையில் நானே எரிமலை, புலி, விண்வெளி என்று நூல்களின் பெயர்களை எழுதினேன். அம்மாவிடம்கூட அதைக் காட்டவில்லை. அப்பா சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும் நேரம் பார்த்து அட்டையை நீட்டுவேன். பள்ளிக்கூடத்துத் தாள் என்று எண்ணி, பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். அவர் அவற்றைப் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். படிக்கவே தெரியாது என்பதுதான் தெரியாது. விடிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும், வருகைப் பதிவேட்டில் அவர் தயங்காமல் கையெழுத்திடுவதை நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போடுகிறவருக்கு மற்ற எழுத்துகளும் தெரியும் என்று நம்பினேன்.

பரிசு எனக்கு மட்டும் என்று எண்ணிய அப்பா, பரிசளிப்பு நாளில் கல்யாண வீடுகளுக்குப் போடும் சட்டையை அணிந்திருந்தார். எங்களை மேடைக்கு அழைத்து, கேடயத்தை என் கையில் கொடுத்தார்கள். கைதட்டல் எழுந்தது. அப்பா சிரித்தார். அப்போதுதான் நூலகரான மலாய்ப் பெண்மணி, தந்தைமார் நூல் படிப்பது அரிது என்று பாராட்டி, புலிகளைப் பற்றிய தமிழ் நூலைக் கனிவோடு அவரிடம் நீட்டி, ஒரு பக்கம் வாசிக்கும்படி கேட்டுக்கொண்டார்.

"கண்ணாடி கொண்டாரல," என்றார் அப்பா. அவரிடம் கண்ணாடி ஏது?

முன்வரிசையில் எங்கள் தோட்டத்துக் கிராணி அமர்ந்திருந்தார். அலுவலகக் கணக்கு எழுதுகிறவர். தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேடையை நோக்கி நீட்டினார். "இந்தா, என்னுதப் போட்டுக்க. ரெண்டு வரிதானே, சும்மா படிலா."

அப்பா அதை வாங்கி மாட்டிக்கொண்டார். பக்கத்தைப் பார்த்தபடி நின்றார். ஒலிவாங்கியில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. "புலி கடிச்சிறாதுப்பா," என்றார் கிராணி. கூடம் சிரித்தது. அப்பா நூலை மூடி, அதன்மேல் கண்ணாடியை வைத்துவிட்டு இறங்கினார்.

மோட்டாரில் மூவரும் வீடு வந்தோம். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: "யாரு எழுதுனா?"

நான்தான் என்றேன். முதல் அடி முதுகில் விழுந்தது. பெல்ட்டின் இரும்பு முனை. அடுத்தது தடுத்த கையில். மூன்றாவதற்கு முன் அம்மா குறுக்கே வந்தார். "அடிக்காதீங்க. ஒங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு புள்ளைக்குத் தெரியாதுங்க."

அப்பாவின் கை நின்றது. "அப்ப ஒனக்குத் தெரியும்."

அத்தனை ஆண்டு மறைத்ததை அம்மா முன்பே அறிந்திருந்தார் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டுக் கேடயத்தை எடுத்தார். அதன் மரப்பீடம் அம்மாவின் வாயில் இறங்கியது. விழுந்த அம்மாவை மீண்டும் தோளில் அடித்தார், பிறகு காலால். நான் அட்டையைப் பிடித்தபடியே நின்றிருந்தேன். அப்போது தெறித்ததுதான் எட்டாவது கட்டத்தில் இருப்பது.

அவர் வெளியே போனதும், அம்மா இரண்டு பற்களைத் துப்பிவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு என்னை நடத்திச் சென்றார். காவல் நிலையத்தில் மலாயில் புகார் எழுதி, கையெழுத்திடச் சொல்லித் தாளைத் தள்ளினார்கள். அம்மா பேனாவைத் தொடவில்லை.

"வாசிச்சுக் காட்டச் சொல்லு பாப்பா. கேட்டுட்டுத்தான் போடுவேன்."

காவலர் வரிவரியாக வாசித்தார். ஒவ்வொன்றையும் அம்மாவின் வலது காதில் தமிழில் சொன்னேன். அடித்தார், மீண்டும் அடித்தார், உதைத்தார். என் வாயால் அதைச் சொன்ன பிறகே எனக்கு அழுகை வந்தது. அம்மா கையெழுத்திட்டார். நாங்கள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை.

அம்மா இப்போது செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அப்பாவை நான் மன்னிக்கவில்லை. ஆனால் கண்ணாடியோடு அவர் நின்ற அந்த நேரத்தை நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

இந்த விடுமுறையில் அதே நூலகத்தில் போட்டிக்கு உதவச் சென்றேன். மேடையில் யாரையும் வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று முதல் நாளே நூலகரிடம் கேட்டுக்கொண்டேன். அட்டை மாறவில்லை. முத்திரை குத்துவதற்காக ஒரு சிறுமி என்னிடம் நீட்டிய அட்டையில், தந்தையின் வரிசை முழுவதும் அவளுடைய குண்டு எழுத்தில் இருந்தது. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. வீட்டில் எல்லாரும் நலமா என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை முத்திரையைக் கையிலேயே வைத்திருந்தேன்.