பஸ்ஸில் சொன்ன தூள் மில்

ஒரு காரியம் கைகூடும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சொன்னால் நாவூறு படும். யுத்தத்தில் கட்டிய வீட்டை இரண்டு தரம் விட்டுவிட்டு ஓடியவள் நான். மூன்றாவது வீட்டுக்குள் நின்று எதையும் உரத்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

மகள் அப்படியில்லை. கொழும்பு வேலையை விட்டு வந்தவள், கறித்தூளைப் பைக்கற்றில் அடைத்து விற்கப் போவதாகப் புதுக்குடியிருப்பு பஸ்ஸில் சந்தைக்குப் போகும் பெண்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். கையில் இருந்ததெல்லாம் இதற்குத்தான். சரிவராவிட்டால் திரும்பவும் கொழும்புதான்.

“உனக்கு வாய் சும்மா இருக்காதோ?” என்றேன்.

“சனத்துக்குச் சொல்லாமல் சனத்துக்கு விக்கிறது எப்பிடி அம்மா?”

அடுத்த நாள் நானும் அவளோடு பஸ்ஸில் போனேன். மரக்கறிக் கூடையோடு பின்னால் இருந்த ஒரு அக்கா கேட்டா:

“பிள்ளை, உன்ர தூளை ஆர் வாங்கிறது? வீட்டுக்கு வீடு தூள் வேற. நான் மாமியின்ர தூளையே தொடுறேல்ல.”

பஸ்ஸே சிரித்தது. மகள் திரும்பி இருந்து கேட்டாள்:

“அப்ப உங்களுக்கு என்னதான் வேணும் அக்கா?”

“செத்தல் மிளகாய் வறுத்துத் தர ஆள் வேணும். இருமி இருமி நெஞ்சு நோகுது.”

“நான் வறுக்கேக்க மனுசன் வீட்டை விட்டே ஓடிடுவார். அது ஒண்டுதான் லாபம்” என்றா பக்கத்தில் இருந்தவ.

அன்றே பைக்கற் யோசனை போயிற்று. அவரவர் மிளகாயும் மல்லியும் அவரவர் அளவில் வரும். மகள் தனித்தனியாக வறுத்து அரைத்துக் கொடுப்பாள். துணுக்காயில் சும்மா கிடந்த வறுக்கும் மெஷினைக் காட்டித் தந்தது அந்த அக்காவின் மச்சாள். வயர் இழுத்தது இன்னொருத்தியின் தம்பி. இவர்களில் ஒருவரையும் எனக்கு முன்பு தெரியாது.

வீட்டு முற்றத்தில் மில் திறந்த அன்று மோட்டார் இரைந்ததும் நான் வானத்தைப் பார்த்தேன். குண்டுவிமானங்களால் பழகிப்போன பயம். பிறகு வாசலைப் பார்த்தேன். பஸ்ஸில் சிரித்தவர்கள் எல்லோரும், ஆளுக்கொரு அயலவரையும் கூட்டிக்கொண்டு, பையும் வாளியுமாக நின்றார்கள். அக்காவும் அவவின் மாமியும், தூள் கலந்துவிடக் கூடாதென்று, மகளின் இரண்டு பக்கமும் காவல் நின்றார்கள்.

“இண்டைக்கு இனி ஏலாது, நாளைக்கு வாங்கோ” என்று மகள் சொன்னது உள்ளே கேட்டது. அவள் வந்த நாளிலிருந்து அவிழ்க்காமல் வைத்திருந்த கொழும்புப் பெட்டியைத் திறந்து, உடுப்புகளை அலுமாரியில் அடுக்கத் தொடங்கினேன்.