ஏற்றத்தில் பின்னால் உருண்ட கார்

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பு ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, இடது முழங்காலில் தகடு வைத்திருந்தார்கள். நடப்பாள், மாடிப்படிகூட ஏறுவாள். ஆனால் கிளட்சை மிதித்து மிதித்து விடுவதற்கு அந்தக் கால் ஆகாது. பேரூர்க்கடைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். வலியசாலையிலிருந்து கிழக்கேகோட்டைக்கு ஆட்டோ, அங்கிருந்து நெரிசலில் பஸ் என்று தினமும் போய்வருவாள். சாயங்காலம் வந்ததும் காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, பேச்சில்லாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பாள்.

அதனால்தான் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினோம். அதில் இடது காலுக்கு வேலையே கிடையாது. இரண்டு மாதத்தில் அவள் எங்கள் குறுகலான தெருவிலிருந்து யாரையும் உரசாமல் வெளியே எடுக்கப் பழகிவிட்டாள். பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வீட்டுக்கு வருவதில்லை. மியூசியம் பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவாள். உடன் வேலை பார்க்கிற டீச்சர்களைத் தம்பானூர் ஸ்டேஷனில் இறக்கிவிட்ட கதையெல்லாம் சொல்வாள். அவள் குரலே கொஞ்சம் உயர்ந்திருந்தது.

ஒரு மழைக்கால முடிவில் காருக்கு அடியில் சிவப்பாகச் சொட்டுகள் விழ ஆரம்பித்தன. எஞ்சின் ஆயில் கறுப்பாக இருக்கும். இது கியர்பாக்ஸ் ஆயில். கரமனையில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் உண்டு, நாகர்கோவில்காரர். அவர் குனிந்து பார்த்துவிட்டு, அடித்தட்டில் ஆயில் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் போய்விட்டது, கையில் வேலை நிறைய இருக்கிறது, பத்து நாள் கழித்துக் கொண்டுவாருங்கள் என்றார். பத்து நாள் அவள் மறுபடியும் பஸ்ஸில் போக வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. அதைத்தான் அவளிடமும் காரணமாகச் சொன்னேன். உண்மையில் எனக்கு ஆசையாக இருந்தது. மூன்று வீடியோ பார்த்திருந்தேன். கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மற்றவர்கள் எழுதியதில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. என் கையால் ஒன்றைச் செய்து முடித்ததாக ஞாபகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டு முன்னால் தெருவிலேயே, காரை ஜாக்கியில் தூக்கி, இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, அட்டை விரித்து அடியில் படுத்தேன். கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டு மாமா, "ஆபீஸை விட்டுட்டேளா?" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. தட்டைக் கழற்றினேன், துடைத்தேன், புது கேஸ்கெட்டை வைத்தேன். போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டே வரும்போது ஒன்று திடீரென்று லேசாகிவிட்டது. எவ்வளவு திருப்பினாலும் சுற்றிக்கொண்டே இருந்தது. அதிகமாக முறுக்கியதில் அலுமினியத்தில் இருந்த திருகு மரை தேய்ந்துபோய்விட்டது.

கொஞ்ச நேரம் அப்படியே மல்லாந்து படுத்திருந்தேன். பிறகு அந்த போல்ட்டைச் சுற்றிக் கேஸ்கெட் பசையை அப்பி, துணியால் நன்றாக வழித்துவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆயில் ஊற்றி, அளவு பார்க்கும் குச்சியை எடுத்துப் பார்த்தேன். சரியான கோட்டில் இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு, சூடான பிறகுதான் அளவு பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கூடுதலாகக் காட்டும் என்று வீடியோவில் சொன்னது நினைவுக்கு வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது. முதுகும் வலித்தது. விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அவளுக்கு முன்னால் எழுந்து போய்ப் பார்த்தேன். காருக்கு அடியிலேயே கிடந்த அட்டையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு வட்டம். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அந்த அட்டையை மடித்து, பின்கட்டில் பழைய பேப்பர்களுக்கு அடியில் சொருகினேன்.

"சரியாயிடுத்தோன்னோ?" என்று கேட்டாள்.

"கொழப்பமொண்ணும் இல்லை. நீ எடுத்துண்டு போ."

அட்டையை மடித்ததை இத்தனை நாளுக்குப் பிறகும் என்னால் சமாதானப்படுத்திக்கொள்ள முடியவில்லை. மரை போனது கைத்தவறு, அளவு பார்க்காதது சோம்பல். அட்டையை மடித்தபோது நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை காலை, பேரூர்க்கடைக்கு முன்னால் வரும் ஏற்றத்தில், வண்டிகள் நின்று நின்று போய்க்கொண்டிருந்தபோது அது நடந்தது. அவள் ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். எஞ்சின் கத்தியது, கார் நகரவில்லை. பிறகு பின்னால் உருண்டது. அவள் பிரேக்கை அழுத்தி நிறுத்துவதற்குள் பின்னால் நின்ற ஸ்கூட்டரில் இடித்துவிட்டது. அதிலிருந்தவர் ரிட்டயரான போஸ்ட்மேன், எழுபது வயதுக்காரர். சாய்ந்து விழுந்ததில் முழங்கையில் தோல் கிழிந்து, மணிக்கட்டு வீங்கிவிட்டது. கூட்டம் கூடியது. யாரோ ஒருவன் ஜன்னலில் தலையை விட்டு, "கியர் மாறிப்போயி, டீச்சரே. அறியாமல் கை தட்டியதாணு" என்று மலையாளத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனான்.

நான் ஆபீஸிலிருந்து போய்ச் சேர்ந்தபோது அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில், கட்டுப் போட்ட அந்தப் பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து சொன்னாள்: "நான் நியூட்ரல்ல தட்டிட்டேன் போலிருக்கு. தட்டினதா எனக்குத் தோணலை. ஆனா தட்டியிருப்பேன்."

நான் அவள் தோளைத் தொட்டேன்.

காரைக் கட்டி இழுத்துக் கரமனைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அடியில் போய்விட்டு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சாரே, ஆராக்கும் இதக் கழத்தினது?"

"வேற ஒரு எடத்துல குடுத்தேன்" என்றேன்.

"அவன்கிட்ட இனி குடுக்காதிங்க. ஒரு போல்ட்டுக்க மரையே இல்ல, பசைய வச்சு ஒட்டி விட்டிருக்கான். ஆயிலும் பாதிதான் இருக்கு. நெரப்பான ரோட்டுல ஓடும். ஏத்தத்துல நின்னா ஆயில் பின்னால போயிரும், பிறவு வண்டி எப்படி இழுக்கும்? அந்த அம்மா பிரேக்க பிடிச்சது நல்ல காலம்."

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள், "மெக்கானிக் என்ன சொன்னான்?"

சொல்வதற்கு எல்லாமே என் வாயில் இருந்தது. "ஆயில் கொஞ்சம் கொறைஞ்சிருந்ததாம். மத்தபடி வண்டிக்கு ஒண்ணுமில்லை" என்றேன்.

"அப்போ என் கைதான்" என்றாள். சமையலறைக்குள் போய்விட்டாள்.

கார் நன்றாகப் பழுது பார்க்கப்பட்டு ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. அவள் சாவியைத் தொடவில்லை. மறுபடியும் ஆட்டோ, பஸ், நாற்காலியில் நீட்டிய கால். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றால் வேண்டாம் என்பாள். சனிக்கிழமைகளில் ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு அந்தப் பெரியவரைப் பார்த்துவிட்டு வருவாள். என்னையும் கூப்பிட்டாள். ஆபீஸ் வேலை என்றேன். ஒருநாள் அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, இல்லாத லீவர் ஒன்றை இடது கையால் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கதவருகிலிருந்து பார்த்தேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது தோன்றியது, இனிமேல் சொன்னால் 'ஏன் முதல்லயே சொல்லலை' என்று கேட்பாளே என்பதுதான். ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது.

இரண்டு மாதம் கழித்து, "வண்டியைக் கொடுத்துடலாம்" என்றாள். அவளே விளம்பரம் போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் இளம் தம்பதி பார்க்க வந்தார்கள். அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தாள். கணவன் காரைச் சுற்றி வந்துவிட்டு, இவ்வளவு நன்றாக வைத்திருக்கிறீர்களே, ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டான்.

என் மனைவி அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "வண்டிக்கு ஒரு கொறையும் இல்லை, கேட்டியா. எனக்குத்தான் ஓட்டத் தெரியலை. ஒருத்தரைக் கொண்டுபோய் இடிச்சுட்டேன். நீ பயப்படாம எடுத்துக்கோ."

யாரோ இரண்டு பேர் முன்னால், கூச்சமில்லாமல், ஒரு கணக்கின் விடையைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"அவ இடிக்கலை" என்றேன். "நான் இதை வீட்டுல வெச்சு ரிப்பேர் பண்ணினேன். தப்பாப் பண்ணினேன். மரை போனது தெரியும், ஆயில் ஒழுகறது தெரியும். தெரிஞ்சுண்டே அவகிட்ட சாவியைக் குடுத்தேன்."

தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கூப்பிட மாட்டார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவள் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ரெண்டு மாசமா நான் கையை எங்க வெச்சேன்னு யோசிச்சிண்டிருக்கேன். கிளாஸ்ல போர்டுல எழுதிண்டிருக்கும்போதுகூட. எனக்குப் புத்தி கலங்கறதோன்னு நெனைச்சேன். அம்மாவுக்கு வந்த மாதிரி."

அவள் அம்மா கடைசி வருடங்களில் எங்களை யார் என்று தெரியாமலே இருந்து இறந்துபோனவள். அது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு மாதமும் அவள் அந்தப் பயத்தோடு என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

"மன்னிச்சுக்கோ" என்றேன்.

"அது அப்பறம். இப்போ எழுந்து வாங்கோ. அந்தப் பெரியவர்கிட்ட வந்து சொல்லணும்."

நான்தான் ஓட்டினேன். அந்த ஏற்றத்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியவர் வீட்டு வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை அட்டையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். அவள் பக்கம் திரும்பி, "அப்போ டீச்சருடெ குற்றம் அல்ல" என்றார். பிறகு, தான் ஸ்கூட்டரைக் காருக்கு ரொம்ப ஒட்டி நிறுத்தியதுதான் தப்பு என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்ததாகவும், மகன் அதற்காகவே ஸ்கூட்டரை எடுத்து வைத்துவிட்டதாகவும் மெதுவாகச் சொன்னார். உள்ளேயிருந்து அவர் மகன் எட்டிப் பார்த்தான். அவனிடமும் ஒருமுறை முழுவதையும் சொன்னேன். அவன் என்னை உட்காரச் சொல்லவில்லை. அவளுக்கு மட்டும் சாயா வந்தது.

திரும்பி வரும்போது, மெக்கானிக்கிடம் சொன்ன பொய்யையும் அவளிடம் சொன்னேன். கரமனையில் நிறுத்தச் சொன்னாள். மெக்கானிக்கிடம், அந்த 'வேற எடம்' எது என்பதையும் சொல்ல வைத்தாள். அவர் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். வண்டியை அவள் முன்னாலேயே தூக்கி, அடியில் விளக்குப் பிடித்துக் காட்டினார். அவள் காலை ஒருபக்கமாக நீட்டிக் குனிந்து, ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தாள்.

மறுநாள் காலை சாவியை ஆணியிலிருந்து அவளே எடுத்தாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தெருமுனையில் கார் திரும்பும் வரை நின்றுவிட்டு, நான் கழக்கூட்டம் பஸ்ஸைப் பிடித்தேன். ஒன்பதரை மணிக்கு அவளிடமிருந்து ஒற்றை வார்த்தையில் செய்தி வந்தது: "எத்தியாச்சு." போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மத்தியானம் வரை அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.