பொய்க் கத்திக்குப் பணமில்லை

எங்கள் படத்தில் அடிதடிக்கு மட்டும் பஞ்சமில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பஞ்சம். கேமரா என்னுடைய செல்போன், விளக்கு சூரியன், ஸ்டாண்ட் என்பது இரண்டு பெயின்ட் டப்பாவும் ஒரு செங்கல்லும். மேக்கப் கிடையாது. முதல் நாள் என் வீட்டுக்காரரின் உதடு கிழிந்து வழிந்தது நிஜ ரத்தம். அதைத் துடைக்கவிடாமல், "நல்லாருக்கு, அப்படியே இன்னொண்ணு போவோம்" என்று சொன்னேன். அப்படிச் சொன்னதில் அன்றைக்கு எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

செம்பூரில் ஒரு கூரியர் ஆபீஸில் பில் போடுவது என் வேலை. வீடு தாராவியில், ஒரே ரூம். பஸ்ஸில் போகவர மற்றவர்கள் எடுத்த குறும்படங்களைப் பார்த்துப் பார்த்து, இதைவிட நான் நன்றாக எடுப்பேன் என்கிற திமிர் வந்துவிட்டது. திமிர்தான், வேறு பெயர் வேண்டாம். கதையும் எழுதினேன். ஒரு ரூமுக்காக இரண்டு ஆண்கள் அடித்துக்கொள்கிறார்கள். இருபது நிமிஷப் படத்தில் பன்னிரண்டு நிமிஷம் சண்டை. எங்கள் சந்தில் இதற்குக் கற்பனை தேவையில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

நடிக்கத் தெரிந்தவர்கள் என்றால் சம்பளம் கேட்பார்கள். தெரியாதவர்களுக்குக் கோபப்படக் கற்றுக்கொடுக்க வேண்டும். என் வீட்டிலோ கோபம் தயாராக இருந்தது.

என் அண்ணன் தோல் பட்டறையில் கட்டிங் வேலை பார்க்கிறவர். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். இரண்டு பேருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. என் மகளுக்குக் காது குத்திய அன்று வந்த வினை அது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். எங்களவர்களில் கூடப்பிறந்தவனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. எங்கள் கல்யாணத்தை அண்ணன் எதிர்த்தார் என்ற பழைய கடுப்பில், என் வீட்டுக்காரர் தன் சித்தப்பா மகனைப் பலகையில் உட்காரவைத்து, பிள்ளையை அவர் மடியில் கொடுத்துவிட்டார். பட்டுப்பாவாடையும் கம்மலும் தேங்காய் பழமும் தட்டில் ஏந்திக்கொண்டு அண்ணன் கோயிலுக்குள் வந்தார். பார்த்தார். தட்டை அப்படியே வீசினார். அடுத்து அவர் கை என் வீட்டுக்காரரின் கன்னத்தில் இறங்கியது. இவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அவர் தோளில் உடைத்தார். பிள்ளை வீறிட்டு அழ, காது குத்த வந்த ஆசாரி ஊசியும் கையுமாகச் சுவரோரம் ஒண்டிக்கொண்டார்.

இந்தப் பகையை எந்தப் படக் கம்பெனியாலும் காசு கொடுத்து வாங்க முடியாது. எனக்குச் சும்மா கிடைத்தது. தனித்தனியாகப் போய்க் கேட்டேன். "அவர அடிக்கணும், அவ்வளவுதான்" என்றேன். அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசில யாரு ஜெயிப்பா?"

"நீதாண்ணே."

வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். அவரிடம் "நீங்கதான்" என்றேன். உண்மையில் முடிவை நான் எழுதியிருக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனின் பட்டறை மூடியிருக்கும். முதலாளி சாவியைக் கொடுத்தார். பொய்யாக அடிப்பதற்குப் பழக்கம் வேண்டும். ஒருவர் கையை வீசும்போது மற்றவர் முகத்தைத் திருப்ப வேண்டும். இவர்கள் திருப்ப மாட்டோம் என்றார்கள். திருப்பினால் தோற்றதாக அர்த்தமாம். அதனால் ஒவ்வொரு அறையும் விழுந்தது. அண்ணன் இவரைத் தோல் கட்டுகளின் மேல் தள்ளினார். இவர் எழுந்து அண்ணனின் வயிற்றில் தலையால் முட்டிச் சுவரோடு அழுத்தினார். தகரம் அதிர்ந்து மேலிருந்து துரு கொட்டியது. ஒருவருக்குச் சட்டை கிழிந்தது, இன்னொருவருக்கு முழங்கை உரிந்தது. நடுவில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பேச்செல்லாம் என் வழியாகத்தான்.

"ஒங்க அண்ணன்ட்ட சொல்லு, காதுல அடிக்கக் கூடாதுன்னு."

"ஒம் மாப்ளைட்ட சொல்லுட்டி, மொதல்ல நகத்த வெட்டிட்டு வரட்டும்."

எனக்குச் சிரிப்பு. உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். இப்படி ஒரு சண்டையை யாரும் எடுத்ததில்லை என்று நினைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு கத்திச் சண்டை. சினிமாவுக்கு ரப்பர் கத்தி வாடகைக்குக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு விசாரித்தேன். வாடகையைச் சொன்னதும் போனை வைத்துவிட்டேன். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கத்தி கேமராவில் கேக் வெட்டுகிற கத்தியாகத் தெரிந்தது. பட்டறை முழுக்கத் தோல் வெட்டும் கத்திகள் கிடந்தன. பொய்க் கத்திக்குத்தான் பணம் வேண்டும், நிஜக் கத்தி இலவசம். அதில் ஒன்றை எடுத்து, என் வீட்டுக்காரர் பார்க்க, அண்ணனே சிமெண்டுத் தரையில் தேய்த்து மழுக்கினார். நான் என் உள்ளங்கையில் இழுத்துப் பார்த்தேன். கோடுகூட விழவில்லை.

"அப்போ நீங்க கத்தியவே கையால பிடிங்க, க்ளோஸப்ல நல்லாருக்கும்" என்றேன் வீட்டுக்காரரிடம். அவர் பிடிப்பார், அண்ணன் இழுப்பார். அதுதான் ஷாட்.

எடுக்கப் போகும் நேரம் பக்கத்துப் பட்டறையில் பிளாஸ்டிக் அரைக்கும் மிஷின் ஓட ஆரம்பித்தது. ஞாயிறு என்றும் பார்க்காமல் ஓட்டினார்கள். அது நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்காரர் வாசலுக்குப் போனார். அண்ணன் தன் பலகையின் முன்னால் உட்கார்ந்தார். தோல் வேலைக்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. இரண்டு வேலைக்கு நடுவில் ஐந்து நிமிஷம் கிடைத்தால் கத்தி தானாகத் தீட்டுக்கல்லுக்குப் போய்விடும். அண்ணன் இருபது வருஷமாக அப்படித்தான். அன்றும் கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்ட ஆரம்பித்தார். கூரை ஓட்டை வழியாக வெயில் அவர் கையில் விழுந்தது. அழகாக இருந்தது. நான் போனை எடுத்து அதைப் படம் பிடித்தேன்.

மிஷின் நின்றது. வாங்க, வாங்க என்று இரண்டு பேரையும் அவசரப்படுத்தினேன். அண்ணன் பாய்ந்தார், வீட்டுக்காரர் கத்தியை வலது கையால் பற்றினார், அண்ணன் இழுத்தார். ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு விரல்களுக்கு நடுவிலிருந்து ரத்தம் முழங்கை வரைக்கும் ஓடியது. வீட்டுக்காரர் கையை விரித்துப் பார்த்தார். விரித்த விரலில் இரண்டு மறுபடி மடங்கவில்லை.

அண்ணன் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றி, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை இரண்டு கையாலும் அந்தக் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். விரலை இழுக்கிற தசைநார் இரண்டு அறுந்துவிட்டது என்றார் டாக்டர். தைத்தார்கள். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் இடது கையால் அண்ணனின் முகத்தில் குத்தினார், காலால் இடுப்பில் உதைத்தார். அண்ணன் விழுந்தார், எழுந்தார், வாயைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஆட்கள் வந்து பிரித்தார்கள்.

போலீஸ் கேட்டபோது, கட்டுப் போட்ட கையோடு ஸ்டேஷனுக்கு அலைய மனமில்லாமல், பட்டறையில் வேலை பார்க்கும்போது பட்டது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது வேறு.

"மழுக்குன கத்தி எப்படிட்டி வெட்டும்? தீட்டி வச்சிக்கிட்டுதான் வந்துருக்கான். கட்டப் பிரிக்கட்டும், ஸ்டேஷனுக்குப் போயி உண்மையச் சொல்லுதேன். ஜெயிலுக்கு அனுப்பாம விடமாட்டேன்."

ஆக்ஸிலேட்டரைத் திருகுகிற கை அது. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள்: காதுகுத்துக்குப் பழி தீர்த்துக்கொண்டான். அண்ணனை நான் பட்டறை வாசலில் பார்த்தேன். "தீட்டுனதே எனக்கு ஞாபகம் இல்லட்டி. ஆனா மனசுக்குள்ள இருந்துச்சோ என்னமோ, நானே என்னய நம்ப மாட்டேங்கேன்" என்றார். அவருக்குக் கண் சிவந்து கிடந்தது.

என் போனில் அந்தக் காட்சி இருந்தது. நான் தினமும் பாத்ரூமில் நின்று சத்தத்தைக் குறைத்துவைத்து அதைப் பார்த்தேன். ஆறேழு நிமிஷம் ஓடும். அண்ணன் அந்தக் கத்தியைத் தீட்டுகிறார். முடிந்ததும் அதை வைத்துவிட்டுப் பலகையில் கிடக்கும் அடுத்த கத்தியை எடுத்துத் தீட்டுகிறார், அடுத்து இன்னொன்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன வாங்கலாம் என்று என்னிடம் உரக்கப் பேசிக்கொண்டே தீட்டுகிறார். ஒருவரை வெட்ட நினைக்கிறவர் பட்டறைக் கத்தி எல்லாவற்றையும் தீட்டிக்கொண்டிருக்க மாட்டார். பார்த்த யாருக்கும் அது கைப்பழக்கம் என்று புரிந்துவிடும். அதே காட்சியில், மிஷின் சத்தத்தையும் மீறி, என் குரலும் கேட்கிறது: "அண்ணே, நல்லாருக்கு, அப்படியே தீட்டு. நிறுத்தாத."

அண்ணனைக் காப்பாற்றும் காட்சி என்னைக் காட்டிக்கொடுக்கும். அதனால் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. தீட்டுவதைப் பார்த்தபோது எனக்குப் புரிந்ததா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. கண் கத்தியைப் பார்த்தது, புத்தி வெயிலைப் பார்த்தது. இதைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று பலமுறை நினைத்தேன். யாரும் நம்ப வேண்டாம், நானும் முழுக்க நம்பவில்லை. பயம்தான் எனக்கு. பிள்ளையை வைத்துக்கொண்டு இந்த ஒரு ரூமில் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்கிற பயம்.

கட்டைப் பிரித்த அன்று விரல்கள் மடங்கவில்லை. இனி மெல்ல மெல்லத்தான் வரும், முழுசாக வராது என்றார்கள். வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிக்கொண்டு, ஸ்டேஷனுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டினார். நான் கதவை மறித்துக்கொண்டு போனை அவர் முன்னால் நீட்டினேன்.

அவர் நின்றபடியே பார்த்தார். முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னார். என் குரல் வந்த இடத்தில் நான் தரையைப் பார்த்தேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பைக் கழற்றினார்.

"ஒங்க அண்ணனுக்குப் போனப் போடு."

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தார்.

"மச்சான், வீடியோ பாத்தேன். ஒங்க மேல தப்பில்ல. வீட்டுக்கு வாங்க."

அந்தப் பக்கத்தில் அண்ணன் அழுதது சந்து வரைக்கும் கேட்டிருக்கும். போனை என் கையில் திருப்பிக் கொடுக்கும்போது, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"அவரு தெரியாம செஞ்சாரு. நீ பாத்துக்கிட்டே நின்ன."

அண்ணன் அன்றைக்கே வந்தார், வாங்கி வந்த மீனை என்னிடம் கொடுத்தார். குழம்பு வைத்து இருவருக்கும் பரிமாறினேன். இரண்டு வருஷத்துப் பேச்சை ஒரே நாளில் பேசித் தீர்ப்பவர்களாக ஆட்டோ, பட்டறை, ஊர்க்கதை என்று பேசினார்கள். மீனுக்கு முள் எடுக்க வீட்டுக்காரரின் விரல் ஒத்துழைக்காது. இடது கையால் ஸ்பூனில்தான் சாப்பிடுவார். மூன்று வாரமாக முள் எடுத்துக் கொடுத்தது நான். வழக்கம்போல உட்கார்ந்து அவர் தட்டுக்குக் கையை நீட்டினேன். அவர் தட்டை அண்ணன் பக்கமாக நகர்த்தினார். அண்ணன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து, முள்ளை எடுக்க ஆரம்பித்தார்.